குழியை மூடும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்

அகழாய்வுகளை நடத்தும் இயக்குநர்களுக்கும், அவற்றுக்கு அனுமதியும் நிதியும் வழங்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தொல்லியல் மேடுகளின் மேல் தரை ஊடுருவும் ரேடாரைத் தள்ளிக்கொண்டு நடப்பது என் தொழில். முளை அடித்து, கயிறு கட்டி, அரை மீட்டருக்கு ஒரு கோடாகக் காலை முதல் மாலை வரை போய்த் திரும்புவோம். பிறகு அறையில் உட்கார்ந்து அந்தக் கோடுகளை எல்லாம் ஒன்று சேர்த்து, இன்ன ஆழத்தில் இன்ன வடிவம் தெரிகிறது என்று வரைபடம் தருவோம். அதைப் பார்த்து எங்கே குழி போடுவது என்று நீங்கள் முடிவு செய்வீர்கள். அத்துடன் எங்கள் பங்கு முடிந்தது என்பதுதான் நடைமுறை. குழிக்குள் என்ன வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. பல ஆண்டுகள் கழித்து அச்சான அறிக்கையில் ஒரு படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். இந்த நடைமுறையை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

எதனால் இத்தனை அழுத்தமாகக் கேட்கிறேன் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் அகழாய்வு இடத்தில் நாங்கள் எடுத்த பதிவில் ஆறு மீட்டர் நீளத்துக்குத் தட்டையான, வலுவான எதிரொலிப்பு ஒன்று தெரிந்தது. கட்டடத்தின் தரைத்தளமாக இருக்கலாம், சுமார் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதினேன். குழுவினர் அதை நம்பினார்கள். முதல் 80 சென்டிமீட்டர் மண்ணைக் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து வேகமாக அகற்றிவிட்டு, அதற்குக் கீழே கரண்டிக்கும் தூரிகைக்கும் மாறுவது என்று திட்டமிட்டார்கள். தரைத்தளம் இருந்தது 75 சென்டிமீட்டரில். சுண்ணாம்புப் பூச்சின் ஒரு மூலை கடப்பாரை பட்டுச் சிதறியது. இது எனக்குத் தெரிய வந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அங்கே வேலை செய்த ஒருவர் தற்செயலாகச் சொன்னபோது.

அந்த 25 சென்டிமீட்டர் எங்கே தவறியது? ரேடார் ஆழத்தை அளப்பதே இல்லை. அது நேரத்தை மட்டும் அளக்கிறது. ஆண்டெனா ஒரு மின்காந்தத் துடிப்பை மண்ணுக்குள் அனுப்புகிறது. மண்ணின் தன்மை சட்டென்று மாறும் இடத்தில் அதன் ஒரு பகுதி திரும்பி வருகிறது. போய் வர எத்தனை நானோவிநாடி ஆயிற்று என்பதுதான் கருவி நமக்குத் தரும் ஒரே எண். அதை ஆழமாக மாற்ற, அந்த மண்ணில் அலை என்ன வேகத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். காற்றில் ஒரு நானோவிநாடிக்கு 30 சென்டிமீட்டர் போகும் அலை, உலர்ந்த மணலில் 15 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். நீர் நிறைந்த மண்ணில் அது சுமார் 6 சென்டிமீட்டர்தான். வெறும் நீரில் 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே மேட்டில் மழைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு பதிவுகளில் ஒரே சுவர் இரண்டு வெவ்வேறு நேரங்களில் தெரியும்.

என் பதிவில் அந்தத் தரைத்தளம் தெரிந்தது 20 நானோவிநாடியில். வேகம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். போய் வரும் வழி 2 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்று கணக்கு வந்தது. மண் நான் நினைத்ததைவிட ஈரமாக இருந்தது, உண்மையான வேகம் ஏழரை. கணக்கில் பிழை இல்லை. கணக்கில் இட்ட எண்ணை நான் அளக்கவில்லை, ஊகித்தேன். அதுதான் பிழை.

அந்த எண்ணை அளப்பதற்கு வழி இருந்தது என்பதுதான் இன்றைக்கும் மனத்தை அறுக்கிறது. நாங்கள் அங்கே அளக்கச் சென்றிருந்த வாரத்தில் நாற்பது அடி தள்ளி ஒரு சோதனைக் குழி திறந்து கிடந்தது. அதன் பக்கச் சுவரில் ஒரு கம்பி அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மண்ணடுக்கு கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

இந்தக் கம்பிச் சோதனையை உங்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பியைக் குழியின் பக்கச் சுவரில், தரைக்கு இணையாக, சுத்தியலால் அடித்து உள்ளே இறக்க வேண்டும். தரை மட்டத்திலிருந்து கம்பி வரை நாடா பிடித்து ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு மேலே, விளிம்பு இடியாத அளவுக்குத் தள்ளி, கம்பியைக் குறுக்காகக் கடக்கும்படி ஆண்டெனாவை மெல்ல இழுக்க வேண்டும். திரையில் அதுவரை சாம்பல் நிறக் கோடுகளாக ஓடிக்கொண்டிருந்த மண்ணில், கவிழ்த்துவைத்த கிண்ணம் போல ஒரு வளைவு பளிச்சென்று எழும். அந்த வளைவின் உச்சி 20 நானோவிநாடியில் இருந்தால், போய் வந்த 160 சென்டிமீட்டரை 20 ஆல் வகுத்தால் போதும். வேகம் 8. கம்பியைப் பிடுங்கி, அடுத்த மண்ணடுக்கில் ஒன்று, அதற்கும் கீழே ஒன்று என்று அடித்துப் பார்த்தால் ஒவ்வோர் அடுக்குக்கும் தனி வேகம் கிடைத்துவிடும். சுவரில் மிஞ்சுவது விரல் பருமனில் சில ஓட்டைகள். மண்ணடுக்கை வரைந்து படம் எடுத்து முடித்த பிறகு செய்தால் அந்தச் சேதம்கூடக் கணக்கில் வராது.

திறந்த குழி எதுவும் இல்லாத இடத்தில், புதைந்திருக்கும் கல், குழாய் போன்றவற்றிலிருந்து இயல்பாகவே எழும் வளைவுகளின் விரிவைப் பொருத்திப் பார்த்து வேகத்தைக் கணிக்கலாம். அதையும் செய்கிறோம். ஆனால் நாடா பிடித்து அளந்த ஆழத்துக்கு இணையாக அது ஆகாது.

இது புதுமையான கோரிக்கையும் இல்லை. எல் சால்வடோரில் உள்ள ஹோயா தே செரென் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் பல மீட்டர் உயரத்துக்கு மூடிய விவசாயக் குடியிருப்பு அது. 1976இல் புல்டோசர் ஒன்று மண்ணைச் சமன்படுத்தும்போதுதான் வெளிப்பட்டது. அதை ஆய்வு செய்த தொல்லியலாளர் பேசன் ஷீட்ஸின் குழுவினர் 1979இல் ரேடார் கருவியை மாட்டு வண்டியில் ஏற்றி நிலத்தின் மேல் ஓட்டினார்கள். தொல்லியலில் ரேடார் தவழ்ந்துகொண்டிருந்த காலம். பின்னாளில், 1990களில், ரேடார் ஆய்வாளர் லாரன்ஸ் கோனியர்ஸ் அதே இடத்தில் வேலை செய்தபோது, ஏற்கெனவே வெட்டித் திறந்திருந்த சாம்பல் அடுக்குகளில் அலையின் வேகத்தை நேரடியாக அளந்து, ரேடார் பதிவுகளை அந்த அடுக்குகளோடு ஒப்பிட்டுப் படித்தார். சாம்பலுக்கு அடியில் மறைந்த பழைய நிலத்தின் மேடுபள்ளங்களை வரைய முடிந்தது அப்படித்தான். தோண்டியது தோண்டாததைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் இது வழக்கமாகாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆழத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெயர் வைப்பது.

ரேடாருக்குச் சுவர் தெரியாது, கல்லறை தெரியாது, அடுப்பு தெரியாது. இரண்டு மண்ணுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டுமே அதற்குத் தெரியும். அந்த வேறுபாட்டுக்குப் பெயர் சூட்டுகிறவர்கள் நாங்கள். சூட்டிய பெயரைச் சோதிக்கிறவர்கள் நீங்கள். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே டரிங்டன் வால்ஸ் என்னும் மாபெரும் வட்டமான மண்கரை அமைப்பு இருக்கிறது. அதன் மண்கரைக்கு அடியில் வரிசையாக ஏதோ புதைந்திருப்பதை ரேடார் காட்டியது. 2015இல், தொண்ணூறு வரை நடுகற்கள் சாய்ந்து கிடக்கின்றன என்று உலகமெங்கும் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே தோண்டிப் பார்த்தார்கள். ஒரு கல்கூட இல்லை. பெரிய மரத்தூண்களை நட்ட குழிகள் இருந்தன. தூண்களைப் பிடுங்கி எடுத்துவிட்டு, குழிகளைச் சுண்ணக்கல் இடிபாடுகளால் நிரப்பி, அதன் மேல் கரையை எழுப்பியிருந்தார்கள். ரேடார் எதையும் இட்டுக்கட்டவில்லை. நிரப்பிய குழிகள் அங்கே உண்மையாகவே இருந்தன. அவற்றுக்குக் கல் என்று பெயர் வைத்தது மனிதர்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லி ரேடாரை மட்டம் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. மரத்தூண்களை நட்டு, பிடுங்கி, குழிகளை நிரப்பி, மேலே கரையும் கட்டிய ஒரு சமூகம் வெளிச்சத்துக்கு வந்தது. ரேடார் இல்லாமல் அந்த இடத்தில் குழி போட யாருக்கும் தோன்றியிருக்காது. குழி இல்லாமல் அதை இன்றும் கல் என்றே நம்பிக்கொண்டிருப்போம். அதைவிட முக்கியம், சுண்ணக்கல் இடிபாடு நிரம்பிய குழி ரேடாரில் எப்படித் தெரியும் என்பது இப்போது தெரியும். இனி அதே போன்ற மண்ணில் வேலை செய்கிறவர்கள் கல் என்று எழுதும் முன் ஒரு முறை யோசிப்பார்கள். முடிவு வெளியானதால் வந்த பயன் அது. உங்கள் குழிகளில் பொய்த்துப்போன எங்கள் ஊகங்கள் எத்தனை, எவரும் பார்க்காமல் கோப்புகளில் உறங்குகின்றன? நாங்கள் வெட்கப்படுவோம் என்று தயவுசெய்து மறைக்காதீர்கள். எங்களுக்கு அவை வேண்டும்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அறிவிப்பதால் வரும் கேடு வேறு. எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறைச் சுவர்களுக்குப் பின்னால் மறைவறைகள் உண்டு என்று 2015இல் ஒரு ரேடார் ஆய்வை வைத்துச் சொன்னார்கள். அடுத்து நடந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. 2018இல் இத்தாலியின் டூரின் பாலிடெக்னிக் பல்கலைக்கழகக் குழு விரிவாக அளந்து, அப்படி எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. இடிக்கக் கூடாத சுவர் என்பதால் தோண்டிப் பார்க்கும் வழி அங்கே இல்லை. அங்கே எச்சரிக்கை இன்னும் கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

ரேடாரும் குழியும் முறையாகக் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நார்வேயின் கியெல்லெஸ்டாட் நல்ல சான்று. ஒரு விவசாயி தன் வயலில் வடிகால் போட நினைத்தார். 2018இல் அந்த வயலை ரேடார் கொண்டு அளந்தபோது, உழவு மண்ணுக்குக் கீழே, அதிக ஆழமில்லாமல், சுமார் 20 மீட்டர் நீளமுள்ள கப்பலின் வடிவம் தெரிந்தது. வைக்கிங் காலத்துக் கப்பல் புதைப்பு, அதாவது இறந்தவரைக் கப்பலோடு புதைத்த இடம். உடனே முழுவதையும் தோண்டிவிடவில்லை. 2019இல் சிறிய சோதனைக் குழி ஒன்று போட்டார்கள். கப்பலின் அடிமரம் பூஞ்சையால் அரிக்கப்பட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. விட்டால் அதுவும் மிஞ்சாது என்ற நிலையில் 2020இல் முழு அகழாய்வு தொடங்கியது. வடிவத்தை ரேடார் சொன்னது. மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்பதை மண்ணைத் திறந்த கைகள்தான் சொல்ல முடியும். எந்த வண்ண வரைபடத்திலும் பூஞ்சை தெரியாது. அவசரம் எங்கே, பொறுமை எங்கே என்ற முடிவு இரண்டையும் சேர்த்துப் படித்ததால் வந்தது.

நிதிக் குழுக்களிடம் தனியாக ஒன்று. நீங்கள் களத்தில் கழியும் நாள்களுக்குப் பணம் தருகிறீர்கள். பதிவைப் படிக்கும் நாள்களுக்குத் தருவதில்லை. ரோமுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள ஃபலேரி நோவி என்ற ரோமானிய நகரத்தைக் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகங்களின் குழு முழுவதுமாக ரேடாரில் வரைந்து 2020இல் வெளியிட்டது. 30.5 ஹெக்டேர். பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கு ஓர் அளவு. கோயில், சந்தை, குளியல் கூடம், கட்டடத் தொகுதிகளுக்கு அடியிலும் ஓடும் நீர்க்குழாய்கள் என்று ஒரு நகரமே மண்ணைத் தொடாமல் எழுந்து வந்தது. அதே குழுவினர் சொன்ன இன்னொரு செய்தியை யாரும் கவனிக்கவில்லை: ஒரே ஒரு ஹெக்டேரின் பதிவை மனிதக் கண்ணால் படித்துக் குறிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். வண்டி ஓடிய நேரம் கணக்கில் வருகிறது, இந்த நேரம் வருவதில்லை. அதனால் என்ன ஆகிறது? அளந்த மறுநாளே வரைபடம் வேண்டும் என்று கேட்கிறீர்கள், நாங்களும் மென்பொருள் தானாகப் போட்டுத் தரும் ஒரு வண்ணப் படத்தை நீட்டிவிடுகிறோம். அந்தப் படத்தில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் சுவர் என்று குழி போடுகிறீர்கள். மரவேர் சிவப்பாகத் தெரியும். எலி வளை சிவப்பாகத் தெரியும். கைவிட்ட பழைய இரும்புக் குழாய் எல்லாவற்றையும்விடச் சிவப்பாகத் தெரியும்.

ஒன்றும் தெரியாத இடங்களைப் பற்றியும் பேச வேண்டும். படத்தில் வெறுமையாக இருக்கும் பகுதியில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டி, அங்கே பாதை போடவும் கொட்டகை போடவும் அனுமதி தருவதைப் பார்த்திருக்கிறேன். இது ஆபத்து. சுற்றியுள்ள மண்ணையே குழைத்து அறுத்த பச்சைச் செங்கல்லால் கட்டிய சுவர், அதே மண்ணுக்குள் புதைந்தால், ரேடாருக்கு வேறுபாடே தெரியாமல் போகலாம். தோண்டிய மண்ணையே மறுபடி தள்ளி மூடிய குழியும் அப்படித்தான். களிமண்ணிலும் உப்பு ஏறிய மண்ணிலும் அலை சில பத்துச் சென்டிமீட்டருக்குள்ளேயே செத்துவிடும். அதற்குக் கீழே அரண்மனையே இருந்தாலும் படம் மௌனமாகத்தான் இருக்கும். புதைகுழிகளில்கூட நாங்கள் காண்பது பெரும்பாலும் கிளறி மூடிய மண்ணின் விளிம்பைத்தான், எலும்பை அன்று. ஆகவே ஒவ்வோர் அகழாய்வுப் பருவத்திலும், எங்கள் படம் எதுவும் சொல்லாத இடத்தில் ஒரு சிறு குழி போடுங்கள். வீண் செலவு என்று கணக்கர் சொல்வார். ரேடாரின் மௌனத்தை எவ்வளவு நம்பலாம் என்று அந்த ஒரு குழிதான் சொல்லும். அது தெரியாமல் மீதி மேட்டைப் பற்றி நாம் எழுதும் எதற்கும் அடித்தளம் கிடையாது.

சில நிலங்களில் எங்களை அழைப்பதே வீண். அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பருவத்துக்கும் ஒப்பந்தம் போடும் முன் அரை நாள் சோதனை ஓட்டம் வையுங்கள். 400 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவில் அரை மீட்டருக்குக் கீழே ஒன்றும் வரவில்லை என்றால், காந்த அளவீடோ மின்தடை அளவீடோ உங்களுக்கு அதிகம் உதவலாம். அதிர்வெண்ணைக் குறைத்தால் இன்னும் ஆழம் போகலாம்தான். ஆனால் அலைநீளம் கூடும், சின்னச் சின்ன உருவங்கள் மங்கிவிடும். வேண்டாம் என்று சொல்லத் தயங்காதவர்களையே கூப்பிடுங்கள்.

இனி நான் கேட்பது என்ன என்று சொல்கிறேன். குழி போடும் இடத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க எங்களை அழைக்காதீர்கள். முடிவுக்கு முன்பே அழையுங்கள். எங்கள் முளைகளைப் பிடுங்கும் முன் அவற்றின் இடத்தை உங்கள் அளவைக் கருவியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மீட்டர் நகர்ந்து விழுந்த குழியால் எத்தனையோ நல்ல பதிவுகள் பொய் என்று பெயர் வாங்கியிருக்கின்றன. பருவத் திட்டத்தில், குழிகள் திறந்திருக்கும்போது ரேடார் ஆள் மறுபடி வரும் நாளையும் எழுதுங்கள், அதற்கு நிதியும் ஒதுக்குங்கள். இறுதி அறிக்கையில், ரேடார் சொன்னது இது, குழியில் கிடைத்தது இது என்று ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். அனுமதி வழங்கும் குழுவினர் இதை நிபந்தனையாகவே வைக்கலாம். மூலப் பதிவுகளையும் படங்களோடு சேர்த்துக் காப்பகத்தில் வைக்கச் செய்யுங்கள். இன்று நாம் தவறாகப் படித்ததை, வேகம் சரியாகத் தெரிந்த பிறகு இன்னொருவர் மறுபடி படிக்கலாம். தோண்டிய மண்ணை அப்படி மறுபடி தோண்ட முடியாது.

அந்தச் சுண்ணாம்புத் தரையின் சிதறிய மூலையை நான் படத்தில்தான் பார்த்தேன். உடைந்த விளிம்பு புதிதாக, வெள்ளையாக இருந்தது. மீதித் தரை பழுப்பேறியிருந்தது. கீழே சின்னப் பலகையில் ஆழம் எழுதியிருந்தார்கள், 75 என்று. அதை எழுதிய நாளில் யாராவது ஒருவர் அந்த எண்ணை எனக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தால், அதே மேட்டில் அடுத்த பருவத்துக்காக நான் தந்த மற்ற ஏழு வரைபடங்களையும் அன்றைக்கே திருத்தியிருப்பேன். அவை திருத்தப்படாமலே பயன்பட்டன.

இந்தப் பருவத்தில் நீங்கள் திறந்த குழிகளில் ஒன்றாவது இன்னும் மூடப்படாமல் இருக்கும். அதன் மேல் மண்ணைத் தள்ளும் முன் தகவல் சொல்லுங்கள். அரை நாள் போதும். கம்பியும் சுத்தியலும் நாங்களே கொண்டுவருகிறோம்.

அன்புடனும் மதிப்புடனும்,
ரேடார் அளவீட்டுப் பணியாளர் ஒருவர்